புருஷனை வரவழைக்க ஒரு வரி நம்பர்

கொழும்பில் கடை வைத்திருந்த அத்தனை பேரும் வரிக் கந்தோரின் கண்ணில் படாமல் திரிந்த காலத்தில், நான் இருந்தவற்றில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, பை நிறையப் போட்டோக் கொப்பிகளோடு, "எனக்கும் ஒரு ஃபைல் திறவுங்கோ" என்று அந்தக் கந்தோர் வாசலில் போய் நின்றேன். வரி கட்டும் ஆசை எனக்கு இருக்கவில்லை. தேசபக்தி என்று யாராவது நினைத்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. எனக்கு என் புருஷன் வேண்டியிருந்தார். அவரை யாழ்ப்பாணத்திலிருந்து எடுப்பதற்கு அந்த நம்பர் தேவைப்பட்டது. மற்ற நாடுகளில் பெண்சாதிமார் புருஷனை எப்படி எடுக்கிறார்களோ எனக்குத் தெரியாது.

நான் கொழும்புக்கு வந்தது மூன்று கிழமைக்கு. பித்தப்பையில் கல். களுபோவில ஆஸ்பத்திரியில் வெட்டி எடுப்பதாக ஏற்பாடு. நாலு சேலையும் ஒரு சீப்பும் கொண்டு வந்தேன். சங்கக்கடை மனேஜராக இருந்த என் புருஷனுக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் தனியே வந்தேன். கல்லை எடுத்தார்கள். தையல் பிரிக்கும் முன்னரே சண்டை மூண்டு யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டினார்கள். அதற்குப் பிறகு கப்பல்தான், கப்பலுக்கு ஆமி தரும் பாஸ்தான். நான் போவதா அவர் வருவதா என்று தொலைபேசியில் சண்டை பிடித்தோம். அங்கே ஷெல், இங்கே செக்கிங். செக்கிங்கில் பதில் சொல்லித் தப்பலாம், ஷெல்லுக்கு என்ன பதில் சொல்வது? அவரே வருவதென்று முடிவாயிற்று. முடிவெடுத்து ஒன்றரை வருடமாகியும் அவர் வந்து சேரவில்லை.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார அம்மாவும் எங்கள் ஊர்ப் பக்கந்தான், ஆனால் கொழும்புக்கு வந்து கனகாலம். அவவுக்கு மூன்று பயங்கள்: குண்டு, பொலிஸ், வாடகைக்கு இருக்கிற ஆள். முதலிரண்டுக்கும் காரணம் மூன்றாவது என்பது அவவின் நம்பிக்கை. வீட்டில் இருக்கிற ஒவ்வொரு ஆளையும் பொலிஸில் பதிய வேண்டும். அந்தப் படிவத்தில் "கொழும்பில் தங்கியிருக்கும் காரணம்" என்று ஒரு கட்டம் இருந்தது. நான் "ஒப்பரேஷன்" என்று எழுதினேன். அடுத்த முறையும் அதையே எழுதினேன். அதற்கடுத்த முறை, பதிவு பார்க்க வந்த பொலிஸ்காரர் படிவத்தை வாசித்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். வீட்டுக்கார அம்மா மொழிபெயர்த்தா.

"உங்களுக்கு எத்தினை பித்தப்பை எண்டு கேக்கிறார்."

அதற்குப் பிறகுதான் ஒரு தமிழருக்குக் கொழும்பில் சோற்றைவிட முக்கியமானது காரணம் என்று எனக்கு விளங்கியது. சும்மா இருக்கிறேன் என்று சொல்ல முடியாது. சிங்களவரும் வெளிநாட்டுக்காரரும் கொழும்பில் சும்மா இருக்கலாம், காகங்கள் இருக்கலாம். நாங்கள் காரணத்தோடு இருக்க வேண்டும்.

எனக்குக் கிடைத்த காரணம் மிளகாய்த்தூள். ஒரு நாள் என் கறியை ருசி பார்த்த வீட்டுக்கார அம்மா, இங்கே கடையில் விற்கிற தூளைச் செங்கல் தூள் என்று திட்டிவிட்டு, தனக்கும் கொஞ்சம் வறுத்துத் தரச் சொன்னா. செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் பதம் பார்த்து வறுத்துத் திரித்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் பக்கத்து வீடு கேட்டது. பிறகு மேல்மாடி கேட்டது. பிறகு கனடாவுக்குப் போகிறவர்களெல்லாம் கேட்டார்கள். எத்தனை பித்தப்பை என்று கேட்ட அதே பொலிஸ்காரரும் தன் மனைவிக்கென்று மாதம் ஒரு பக்கெட் வாங்கத் தொடங்கினார். நான் வறுக்கிற நாளில் எங்கள் ஒழுங்கை முழுவதும் தும்மும்.

திரிப்பது கொட்டாஞ்சேனையில். அங்கே கிராண்ட்பாஸைச் சேர்ந்த முஸ்லிம் ஒருவரின் மில் இருந்தது. வறுத்த சாமானைப் பையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். வழியில் செக்பொயின்டில் முதல் நாள் ஒரு ஆமிக்காரப் பொடியன் பைக்குள் முகத்தை விட்டுப் பார்த்தான். கண்ணீர் வடிய நிமிர்ந்தான். மற்றவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்த இடத்தில் என் பையை ஒருவரும் திறந்ததில்லை. மில்லில் வேலை செய்தவர்கள் சிங்களம் பேசுகிறவர்கள். அவர்களிடமிருந்துதான் நான் சிங்களம் படித்தேன். அதன் பலனைப் பிறகு சொல்கிறேன்.

இதற்கிடையில் என் புருஷன் பாஸுக்கு விண்ணப்பித்தார். அவருடைய படிவத்திலும் அந்தக் கட்டம் இருந்தது. கொழும்பு செல்லும் காரணம். மனுஷன் இருபத்தாறு வருடம் சங்கக்கடைக் கணக்கில் உண்மை எழுதிப் பழகியவர். "மனைவியைப் பார்க்க" என்று எழுதினார். திரும்பி வந்தது. இரண்டாம் முறை கொஞ்சம் யோசித்து "மனைவியுடன் இருக்க" என்று எழுதினார். அதுவும் திரும்பி வந்தது. பிறகு தொலைபேசியில் வந்தார்.

"இஞ்சரும், மனைவி ஒரு காரணம் இல்லையாம்."

"ஆர் சொன்னது?"

"மேசைக்குப் பின்னால இருக்கிறவர்தான் சொன்னவர். வேலை எண்டால் ஒரு காரணமாம். கொழும்பில பதிஞ்ச கொம்பனி ஒண்டு வேலைக்குக் கூப்பிட்டுக் கடிதம் தந்தால் பாப்பினமாம். கடிதத்தில வியாபாரப் பதிவு நம்பரும் வரி நம்பரும் இருக்கவேணுமாம்."

இருபத்திரண்டு வருடம் இந்த மனுஷனுக்குச் சமைத்து, தோய்த்து, அவருடைய தாயின் வாயையும் தாங்கியிருக்கிறேன். அது காரணம் இல்லை. ஒரு கொம்பனி காரணம். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரிசீவரை உடைத்திருப்பேன், ஆனால் அது வீட்டுக்கார அம்மாவின் ரிசீவர்.

"சரி," என்றேன். "நான் கொம்பனி ஆகிறன்."

மில் முதலாளியிடம் போய் யோசனை கேட்டேன். வியாபாரப் பெயர் பதிவது வரைக்கும் மனுஷன் நன்றாகத்தான் சொல்லித் தந்தார். கிராம சேவகரின் கடிதம், வீட்டுக்காரரின் கடிதம், பிரதேச செயலகத்தில் ஒரு படிவம். அடுத்ததாக வரி நம்பர் என்றதும் மில்லை நிற்பாட்டச் சொன்னார், சத்தத்தில் தனக்குப் பிழையாகக் கேட்டுவிட்டது என்று நினைத்து.

"அக்கா, புத்தி தடுமாறிட்டா? அவங்க நம்மளத் தேடி வார ஆக்கள். நாம தேடிப் போற எடமா அது?"

"எனக்குத் தேவை இருக்கு தம்பி."

"தேவையா? வரிக்கா? செல்லுங்க, வீட்டுல ஏதும் பிரச்சினை ஈக்கா?"

சொல்லுங்கள் என்பது அவர் வாயில் செல்லுங்கள் ஆகும்; விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தாடியைத் தடவிக்கொண்டு இருந்தார். பிறகு, "போங்க. ஆனா எங்கட மில்லுட பேர மட்டும் அங்க செல்லிடாதீங்க" என்றார். சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

வியாபாரத்துக்கு ஒரு சாமியின் பெயரை வைத்தேன். எந்தச் சாமி என்று எழுதினால் அவருக்கும் ஃபைல் திறந்துவிடுவார்கள். பதிவுப் பத்திரம் கிடைத்தது. அதற்கு அலைந்த அலைச்சலில் என் செருப்பு ஒரு சோடி போயிற்று, அவ்வளவுதான். மிச்சம் வரிக் கந்தோர்.

அன்று காலையில் பஸ்ஸில் இருந்து மனதுக்குள் சிங்களம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். இங்கிலிஷில் கதைக்கலாம், ஆனால் வெள்ளவத்தைத் தமிழரின் இங்கிலிஷ் சில கந்தோர்களில் கொழுப்பாகக் கேட்கும். அவர்களுடைய பாஷையில் கதைத்தால் மனம் இளகும் என்று எண்ணினேன். மேல்மாடியில் எனக்குக் கிடைத்த உத்தியோகத்தர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். மூக்குக்கண்ணாடி, முன்னால் ஆறிப்போன பிளேன் டீ, சாந்தமான முகம். படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, என்ன பிஸ்னஸ் என்று கேட்டார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்து, பாடமாக்கி வந்ததைச் சொன்னேன். "மம மல்லி பதினவா. குடு விகுணனவா."

இதற்கு நான் நினைத்திருந்த பொருள்: மல்லி வறுக்கிறேன், தூள் விற்கிறேன். 'பதினவா' என்றால் வறுப்பது என்று மில்லில் படித்தேன். தூளுக்குக் 'குடு' என்று படித்ததும் அங்கேதான். நான் படிக்காமல் விட்டவை இரண்டு. நாங்கள் மல்லி என்பதைச் சிங்களவர் கொத்தமல்லி என்பார்கள். வெறும் மல்லி என்றால் அவர்களுக்குத் தம்பி. குடு என்றால் தூள்தான், ஆனால் கொழும்பில் ஒருவர் முன்னும் பின்னும் ஒன்றும் சேர்க்காமல் குடு என்றால் அது ஒரே ஒரு தூள். அதை விற்கிறவர்களைத்தான் பொலிஸ் மதிலேறிப் பாய்ந்து பிடிக்கிறது. மிளகாய் மில்லில் எந்தக் குடு என்று யாரும் விளக்கம் சொல்வதில்லை. ஆகவே அரசாங்க உத்தியோகத்தர் ஒருவருக்கு முன்னால், நெற்றியில் திருநீறோடு, நான் சொன்னது இதுதான்: நான் தம்பியை வறுக்கிறேன், போதைத்தூள் விற்கிறேன்.

அவர் பேனையை மெல்ல மேசையில் வைத்தார். "காட்டத விகுணன்னே?" என்றார். யாருக்கு விற்கிறாய் என்று அர்த்தம்.

"ஒக்கோட்டம," என்றேன். எல்லாருக்கும். அது போதாது, வியாபாரத்தின் மரியாதை தெரியட்டும் என்று, "பொலிசியட்டத்" என்றும் சேர்த்தேன். பொலிசுக்கும்தான்.

அவர் எழும்பிப் போய்ப் பக்கத்து மேசைக்காரரைக் கூட்டி வந்தார். திரும்பச் சொல்லச் சொன்னார். என் உச்சரிப்பில்தான் ஏதோ பிழை என்று நினைத்து இன்னும் உரத்துச் சொன்னேன். மூன்றாவது மேசையில் தட்டச்சு நின்றது. பக்கத்து மேசைக்காரர் என் கையையும் பையையும் பார்த்தார். அந்த நாட்களில் தமிழ் ஆட்களின் பையைப் பார்க்கிற பார்வை தெரியும்தானே. எங்கே பிழைத்தது என்று தெரியாமல், ஆதாரம் காட்டினால் சரியாகிவிடும் என்று பைக்குள் கையை விட்டு, பேப்பரில் சுற்றிய ஒரு பக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

இருவரும் ஓரடி பின்னால் போனார்கள்.

பிறகு என்ன துணிவு வந்ததோ, மூக்குக்கண்ணாடிக்காரர் பேனை நுனியால் பேப்பரைப் பிரித்தார். குனிந்தார். ஒரு தும்மல் தும்மினார், பிளேன் டீ படிவத்தில் கொட்டியது. அடுத்தவரும் தும்மினார். தட்டச்சு மேசையில் இருந்த பெண்ணும் தும்மினாள்.

"மிரிஸ்!" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மிரிஸ் குடு கியன்ன, நோனா! முலின்ம மிரிஸ் கியன்ன!" முதலில் மிளகாய் என்று சொல்லுங்கள் அம்மா என்று கெஞ்சாத குறை. பிறகு சிரிக்கத் தொடங்கியவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். தம்பி விஷயத்தை அடுத்தவர் விளங்கப்படுத்தினார். எனக்கு முகம் கொதித்தது, ஆனால் சிரிப்பும் வந்தது. எல்லாரும் சேர்ந்து சிரித்தோம். அந்த ஐந்து நிமிடம் நாட்டில் சண்டை இல்லை.

புதுப் படிவம் எடுத்து மிச்சத்தையும் அவரே நிரப்பினார். முடிவில், இந்தக் கதிரையில் இருந்த இத்தனை வருடத்தில் யாரும் கூப்பிடாமல் தானாக வந்த முதல் ஆள் நீங்கள்தான், ஏன் வந்தீர்கள் என்று கேட்டார். புருஷனுக்காக என்று சொன்னால் எல்லாம் பாழாகிவிடுமோ என்று பயந்து, நாட்டுக்காக என்று சொல்லிவைத்தேன். குடு விற்கிறேன் என்றபோதுகூட அவர் என்னை அவ்வளவு சந்தேகமாகப் பார்க்கவில்லை.

நம்பர் கடிதத்தில் வந்தது. வீட்டுக்கார அம்மா முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இனி நீர் பெரிய ஆள்" என்றா. காலி வீதியில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் கடிதத்தாள் அடித்தேன். தலையில் சாமியின் பெயர், கீழே இரண்டு நம்பர்கள். என் புருஷனை வறுத்தல் உதவியாளராக நியமித்தேன். எங்கள் உறவு கடிதத்தில் தெரியக்கூடாது. தெரிந்தால் அது மறுபடி மனைவியைப் பார்க்கிற விஷயமாகிவிடும். நல்லவேளை, என் அடையாள அட்டையில் இன்னும் என் அப்பாவின் பெயர்தான் இருந்தது. கலியாணம் முடித்து இத்தனை வருடமாக அதை மாற்ற எனக்குப் பஞ்சி, வெறும் சோம்பல். பஞ்சியால் குடும்பம் சேர்ந்தது எங்கள் வீட்டில்தான்.

கடிதம் அனுப்புமுன் அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"உதவியாளரோ?" என்றார். "இருபத்தாறு வருஷம் மனேஜரா இருந்தனான்."

"உங்களுக்கு வறுக்கத் தெரியுமோ?"

"மேற்பார்வையாளர் எண்டு போட்டால் என்ன குறைஞ்சு போச்சு?"

"மேற்பார்வையாளர் எண்டால் சேட்டிபிக்கேட் கேப்பாங்கள். உதவியாளருக்கு ஒண்டும் தேவையில்லை. வாறியளோ, இல்லாட்டி மனேஜரா அங்கயே இருக்கிறியளோ?"

"சரி, போடும்," என்றார். அந்தக் குரலைக் கேட்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் போட்டேன்.

பாஸ் கிடைத்தது. கப்பலில் திருகோணமலை வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்பு. இறங்குகிற இடத்தில் பொறுப்பெடுக்கும் ஆள் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். வரிசையில் அவர் ஒரு பையோடு நின்றார். மீசை முழுக்க நரைத்து, சேர்ட் இன்னொருவருடையதைப் போலத் தொங்கியது. எனக்கு ஓடிப்போய்க் கையைப் பிடிக்கவேண்டும் போலிருந்தது. அதிகாரி என்னைக் காட்டி அரைத் தமிழில், "இது யாரு?" என்று அவரிடம் கேட்டார்.

"எங்கட மேடம்," என்றார் என் புருஷன்.

கையெழுத்து வைத்து அவரைப் பெற்றுக்கொண்டேன். ஆட்டோவில் நடுவில் பையை வைத்துவிட்டு ஆளுக்கொரு கரையில் இருந்தோம். "மெலிஞ்சு போனீர்" என்று மட்டும், வெளியில் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நான்காம் நாள் காலையில் பொலிஸ்காரர் பதிவு பார்க்க வந்தார். நான் யோசிக்காமல் விட்ட ஒன்று அப்போதுதான் என் முன்னால் வந்து நின்றது. எனக்கிருந்தது ஒரே ஒரு அறை. அதில் ஒரு மேடம், ஒரு வேலையாள். பொலிஸ்காரர் பாயையும் தலையணைகளையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். என்னிடம் மிளகாய்த்தூள் வாங்கித் தின்கிற மனுஷன், இப்போது வேறு மாதிரிப் பார்த்தார்.

"இவர் யாரு?" என்றார், தனக்குத் தெரிந்த இரண்டு தமிழ்ச் சொல்லில்.

கலியாணப் பத்திரம் அலுமாரிக்குள் இருந்தது. எட்டி எடுத்தால் போதும், என் மானம் திரும்பி வரும். ஆனால் அதோடு பாஸ் பொய்யாகும், அவரைத் திருப்பி அனுப்புவார்கள். என் வாழ்க்கையில் ஒருவரும் என்னைப் பற்றித் தப்பாக ஒரு சொல் சொன்னதில்லை. வீட்டுக்கார அம்மா நிலத்தைப் பார்த்தா. நான் சேலைத் தலைப்பை இழுத்துத் தாலிக்கொடியை மூடினேன்.

"வேலையாள்," என்றேன்.

பொலிஸ்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். உறவு என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். போய்விட்டார். வீட்டுக்கார அம்மாவும் உள்ளே போனா.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று பயம். கோபக்காரர், ஊரில் நாலு பேர் மதிக்கிற மனுஷன். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு எனக்குப் பின்னால் தொண்டையைச் செருமினார்.

"மேடம், தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

இருபத்திரண்டு வருடக் கலியாணத்தில் அந்த மனுஷன் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓம் என்று தலையாட்டினேன். அவர் அடுப்படிக்குப் போய்த் தகரப் பேணி பேணியாகத் திறந்து பார்த்துவிட்டு, சீனி எது என்று கேட்டார்.